கம்பு நேப்பியருடன் மரவள்ளித் திப்பி சேர்த்து ஊறுகாய்ப்புல் போடலாமா?

ஆத்தூர் விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கோ 5 ரகக் கம்பு நேப்பியர் தீவனப்புல் மழைக்காலத்தில் தேவைக்கு மிஞ்சி விளைகிறது; சித்திரை, வைகாசியில் கிணறு வற்றியதும் பசுந்தீவனத்திற்கே வழியில்லை. மக்காச்சோளம் தனியாகப் போட நிலம் இல்லை. பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில், மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி கிடைக்கிறது, கிழங்கு பிடுங்கும்போது மரவள்ளி இலையும் வீணாகிறது. இவற்றை நேப்பியருடன் சேர்த்துச் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த ஊறுகாய்ப்புல், தயாரிக்க முடியுமா? குழி நல்லதா, பை நல்லதா? யூரியா கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

தீவன ஆர்வலர்:
தாராளமாகத் தயாரிக்கலாம். ஆனால் மக்காச்சோளத்திற்குச் சொல்லும் முறையை நேப்பியருக்கு அப்படியே பின்பற்ற முடியாது. பால் முற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்தில் 30 முதல் 35 சதவீதம் உலர்பொருளும் (நீர் போக மிஞ்சுவது) போதிய சர்க்கரையும் இருப்பதால், லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தாமாகவே பெருகிப் புளிக்கச் செய்துவிடும். நேப்பியரில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அறுத்த கையோடு நறுக்கி அடைத்தால் சாறு வடிந்து, வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்து, அழுகிய வெண்ணெய் வாடை அடிக்கும்.

எனவே 45 நாள் வளர்ந்த பயிரை அறுத்து ஒரு நாள் வெயிலில் வாடவிட்டு, பிறகு ஓர் அங்குலத்திற்கும் குறைவாக நறுக்குங்கள். நறுக்கியதில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் இன்னும் வாட வேண்டும். கை சற்றே ஈரமாகி, உருண்டை மெதுவாக விரிந்தால் அதுவே பதம். வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது இது நடவாத காரியம் என்பதால், மார்கழிக் கடைசியிலோ தையிலோ வைத்துக்கொள்வது நல்லது.

திப்பியைப் பொறுத்தவரை, ஆலையிலிருந்து நேராக வரும் ஈரத் திப்பியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைச் சேர்ப்பது இருக்கும் குறையை இன்னும் பெரிதாக்கும். களத்தில் காயவைத்த திப்பியை வாங்குங்கள். 20 சதவீத உலர்பொருள் உள்ள 100 கிலோ நேப்பியரில் 10 கிலோ காய்ந்த திப்பி கலந்தால், கலவையின் உலர்பொருள் ஏறத்தாழ 26 சதவீதமாகிவிடும். ஆனால் திப்பியில் இருப்பது மாவுச்சத்து. புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது சர்க்கரை. ஆகவே திப்பி போட்டாலும் 100 கிலோவுக்கு 2 அல்லது 3 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) மிகக் குறைந்த தண்ணீரில் கரைத்துத் தெளிப்பதை விட வேண்டாம். யூரியாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா அமிலத்தன்மை ஏறுவதைத் தடுக்கும்; சர்க்கரை குறைந்த பயிருக்கு அது பகை.

பால்பண்ணையாளர்:
குழியா பையா என்பதை உங்கள் மாட்டு எண்ணிக்கையே தீர்மானித்துவிடுகிறது. மாட்டுக்கு 15 கிலோ வீதம் ஐந்து மாடுகளுக்கு நாளொன்றுக்கு 75 கிலோ. 90 நாளைக்கு 6,750 கிலோ. சேதாரத்தையும் சேர்த்து ஏழரை டன் என்று கொள்ளுங்கள். நன்றாக மிதித்து அடைத்தால் கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ பிடிக்கும், ஆக பன்னிரண்டரை கன மீட்டர் இடம் வேண்டும்.

இதற்கு 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் குழி வெட்டினால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் தினமும் 75 கிலோ எடுக்கும்போது வெட்டி எடுக்கும் முகப்பில் 5 சென்டிமீட்டர்தான் குறையும். நம் கோடை வெயிலில் அந்த வேகத்தில் எடுத்தால், காற்றுப்பட்ட முகப்பு சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று முகப்பைச் சுருக்கிக் குழியைப் பத்து மீட்டர் நீட்டினால், நாளுக்கு 10 சென்டிமீட்டராவது நகரும். அதைவிட, உள்ளே பாலித்தீன் உறை உள்ள 50 கிலோ பைகளே உங்களுக்கு ஏற்றவை; நாளுக்கு ஒன்றரைப் பை, பிரித்தது மறுநாளே தீர்ந்துவிடும். செலவு கூடுதல்தான். எலிக்குக் காவல் அவசியம், ஏனெனில் ஒரு சின்ன ஓட்டை போதும், அந்தப் பை முழுவதும் வீண்.

ஆத்தூர் விவசாயி:
மிக்க நன்றி ஐயா, பையிலேயே தொடங்குகிறேன். மரவள்ளி இலையில் நஞ்சு உண்டே, அதைச் சேர்த்தால் மாட்டுக்கு ஆபத்தில்லையா?

தீவன ஆர்வலர்:
பச்சை இலையை வயிறு நிறையத் தின்ன விட்டால் ஆபத்துதான். நறுக்கி வாடவைப்பதிலும் புளிப்பதிலும் அந்த நஞ்சான சயனைடு பெருமளவு குறைந்துவிடும். இலையில் புரதம் மிகுதி. திப்பியிலோ புரதம் மிகச் சொற்பம் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். ஆயினும் புரதம் மிகுந்த எதுவும் எளிதில் புளிக்காது. நான்கு பங்கு நேப்பியருக்கு ஒரு பங்கு இலைக்கு மேல் போக வேண்டாம். 45 நாள் கழித்துப் பிரிக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு வாசனையும் இருக்க வேண்டும். பூஞ்சணம் கண்ட பகுதியை மாட்டுக்குக் காட்டாமல் எருக்குழியில் தள்ளுங்கள். முதல் வாரம் மாட்டுக்கு 3 கிலோவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள், கூடவே வைக்கோலும் போட்டு வாருங்கள்.