வீடு மாத்தும்போது அடி கழண்ட புத்தகப் பெட்டிகள்: பார்த்ததைச் சொல்லுங்க

சிம்மக்கல்வாசி:
மேலமாசி வீதி, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மைக்ரோவேவ் ஓவன் வந்த பெட்டியில கழுத்து வரைக்கும் புத்தகம். அடி மடல் நாலையும் டேப் ஒட்டாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கு. படி திருப்பத்துல லோடுமேன் அண்ணன் தோள்ல இருந்து இடுப்புக்கு இறக்குனாரு, அடி அப்படியே வாயைப் பிளந்துச்சு. முதல்ல விழுந்தது அகராதி, மூலை குத்தி. அட்டை ஒரு படியில, உள்கட்டு ரெண்டு படி கீழ.

500 தாள் ஏ4 கட்டே 2.5 கிலோ. அந்தப் பெட்டி 40 கிலோவுக்குக் குறையாது. ஜெராக்ஸ் கடையில 5 கட்டு வர்ற காலிப் பெட்டி கேளுங்க, 12.5 கிலோ தாங்கவே செஞ்சது. அடியில நடு இணைப்பு மேல 2 இஞ்ச் டேப் மூணு வரிசை, ரெண்டு ஓரத்துலயும் குறுக்க ஒண்ணு. தூசியைத் துடைச்சிட்டு ஒட்டுங்க, இல்லைன்னா உரிஞ்சு வந்துரும்.

பழங்காநத்தம்:
டேப்பை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. முதுகு மேல பார்க்க அடுக்கியிருந்தா, விழாமலே அந்த அகராதி போயிருக்கும். தாள் அம்புட்டும் கீழ தொங்கும், வண்டி குலுங்கக் குலுங்க முதுகுப் பசையும் தையலும் விட்டுக்கும். கெட்டி அட்டையை அலமாரியில நிக்கிற மாதிரி நேரா நிறுத்துங்க, சாயவிடாதீங்க. மெல்லிசு அட்டை படுக்கைவசம், பெருசு அடியில. இடைவெளிக்கு வெள்ளைத்தாளைக் கசக்கித் திணிங்க. செய்தித்தாள் வேண்டாம், வெளுத்த அட்டையில மை ஒட்டும்.

திருநகர் பக்கம்:
ஏ4 பெட்டி சரிதான், அட்லஸ் அதுல எப்படிப் போகும்? அதுக்கு ரெண்டு பக்கமும் அட்டை வச்சு பருத்தி நாடாவால கட்டணும். சணல் விளிம்பை அறுக்கும்.

கீழமாசி வீதி மளிகைக் கடைப் பெட்டியில கட்டுனதை ஒரு மாசம் கழிச்சுப் பிரிச்சாங்க. முதுகு இடுக்குல கரப்பான் முட்டைக்கூடு வரிசையா ஒட்டியிருக்கு, அட்டையில எண்ணெய் வட்டம் வேற. இது வரைக்கும்தான் பார்த்தது.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஆடி முடியட்டும்னு தள்ளிப்போட்டு ஐப்பசியில மாத்துறவங்க, குட்டியானையில தார்ப்பாயை மேல மட்டும் போடுறாங்க. தண்ணி தட்டுல ஓடி அடிவழியா ஏறும், கீழயும் ஒண்ணு விரிங்க. பாலிதீன்ல இறுக்கிச் சுத்தி மாசக்கணக்குல வைக்காதீங்க, உள்ள இருக்குற ஈரம் பூஞ்சையா மாறும். வேப்பிலை வைக்கிறதா இருந்தா சருகாக் காயவச்சு வைங்க, பச்சை இலை கறை விடும். நனைஞ்சிருச்சுன்னா வெயில்ல போடாதீங்க, தாள் நெளிஞ்சுரும். ஃபேன் காத்துல நிறுத்தி, சில பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் சொருகி, அது ஈரமாக ஈரமாக மாத்துங்க. வழவழப்புத் தாள்ல படம் போட்ட புத்தகத்தை மட்டும் முதல்ல பிரிங்க. ஒட்டிக் காஞ்சுட்டா கட்டியாயிரும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

செல்லூர்:
தார்ப்பாய் எல்லாம் சரி. பால் காய்ச்ச கழுவிவிட்ட தரையிலயே பெட்டிய இறக்குறாங்களே, அதைப் பத்தி யாரும் பேசலை. ராத்திரிக்குள்ள அட்டை ஈரத்தை உறிஞ்சிரும். காலையில தூக்குனா பெட்டி கையில வருது, அடி தரையில இருக்கு. ரெண்டு பலகை போட்டு அது மேல இறக்குங்க. பெட்டி நம்பரைப் பக்கவாட்டுல எழுதுங்க. மேல எழுதுனா அடுக்குனதும் தெரியாது.