காம்பிடென்ட் லார்வாவுக்கு ‘அமர்பதம்’னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். கடல் முள்ளெலியோட (sea urchin) லார்வா நீந்துறத விட்டு அடியில உக்காந்து குட்டி முள்ளெலியா மாறத் தயாரான நிலைய இங்கிலீஷ்ல காம்பிடென்ட் லார்வான்னு சொல்றாங்க. அதுக்குத் தமிழ்ல ‘திறன்மிகு லார்வா’ன்னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, அத என்னால ஏத்துக்க முடியல. கடல் முள்ளெலி ஹேச்சரில, அதாவது குஞ்சு பொரிக்கிற பண்ணைல, மூணு வார உழைப்பு வீணாகுமா கரையேறுமான்னு முடிவாகுறது இந்த ஒரு கட்டத்துல தான், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

எந்தத் திறன்னு மொதல்ல கேக்கணும். கருவுற்ற ரெண்டு மூணு நாள்ல லார்வாவுக்கு வாய் திறந்துடும், அப்பவே நீந்தவும் தெரியும் தின்னவும் தெரியும். லார்வா உடம்புலேர்ந்து கை மாதிரி நீட்டிட்டு இருக்கும், அந்தக் கை ஓரமா ஓடுற குறுஇழைப் பட்டை (நுண்ணிய மயிரிழை வரிசை) தான் நுண்பாசிய பிடிச்சு வாய்க்கு அனுப்புது. ஜப்பான்ல ஹொக்கைடோ பக்கம் எஸோபஃபுன் உனிங்குற முள்ளெலி வளர்க்குறவங்க இதுக்கு கீட்டோசெரஸ்ங்குற நுண்பாசிய (டயாட்டம் வகை) குடுக்குறாங்க, நாலு கை இருக்கும்போது கொஞ்சமா ஆரம்பிச்சு ஆறு, எட்டுன்னு கை கூடக் கூட அளவ கூட்டிட்டே போவாங்க. நம்ம மரக்காணம் பக்கத்து இறால் ஹேச்சரில இருக்குறவங்களுக்கும் கீட்டோசெரஸ் பழகின பேரு தான். அப்போ ‘திறன்மிகு’ன்னு சொன்னா புதுசா வேலைக்கு வர்ற பையன் நல்லா நீந்துற, நல்லா தின்னுற லார்வான்னு தான் எடுத்துக்குவான்.

அது எவ்வளவு பெரிய தப்புல கொண்டு விடும்னா, தீனி பத்தலன்னா இந்த லார்வா கைய நீட்டி வளர்த்துக்கும், கை நீண்டா குறுஇழைப் பட்டையும் நீளும், கிடைக்குற கொஞ்ச தீனிய கூடுதலா பிடிக்கலாம். தீனி தாராளமா இருந்தா கை குட்டையா வயிறு பெருசா இருக்கும், உள்ள குட்டி முள்ளெலியா மாறப்போற அரும்பும் சீக்கிரம் வளரும். ஆக மைக்ராஸ்கோப்ல நீள நீளக் கையோட அழகா தெரியுறது பசியில கிடக்குற லார்வாவா இருக்கலாம். அதுக்காக தீனிய அள்ளிக் கொட்டினாலும் ஆகாது, மிஞ்சின பாசி அடியில அழுகி பாக்டீரியா பெருகி தொட்டியே போயிடும்.

நாம பேர் தேடுற நிலை வேற. வயித்துக்கு இடது பக்கத்துல அந்த அரும்பு வயிறளவுக்கோ அதுக்கு மேலயோ பெருத்திருக்கும், உள்ள முதல் அஞ்சு குழாய்க்கால் அசையுறது தெரியும், லார்வா கனமாகி அடிப்பக்கம் இறங்க ஆரம்பிக்கும். அப்போ தொட்டிலேர்ந்து கொஞ்சம் லார்வாவ எடுத்து, பாசி படிஞ்ச தகட்டுத் துண்டு போட்ட கிண்ணத்துல விட்டு, மறுநாள் எத்தனை முள்ளெலியா மாறியிருக்குன்னு எண்ணுவாங்க. பெரும்பாலும் மாறியிருந்தா மொத்தத்தையும் உல்வெல்லா பாசி வளர்ந்த தகடு வச்ச தொட்டிக்கு மாத்தலாம். முந்தினா உக்காராம நீந்திட்டே இருக்கும், ஓடுற தண்ணியோட வெளியவும் போயிடும். பிந்தினா பழைய தொட்டிச் சுவர்லயே உக்காந்துடும், அரை மில்லிமீட்டர் குஞ்ச அங்கேர்ந்து காயம் படாம எடுக்குறது பெரும்பாடு.

இந்த சோதனைக்கு தமிழ்ல சொல் ஏற்கனவே இருக்கு, பதம் பாக்குறது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அண்ணன் ஒருத்தர் ‘பக்குவம்’ சொல்லியிருந்தார், நல்ல சொல் தான் அண்ணே, ஆனா தாய் முள்ளெலிக்கு பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டு முட்டை எடுக்குறதுக்கு முன்னாடி சினை பக்குவமான்னு பாக்குறோமே, அங்கயும் அதே சொல் வந்தா குழப்பம். பக்குவம் தாய்க்கு இருக்கட்டும், பதம் லார்வாவுக்கு இருக்கட்டும்.

எதுக்கான பதம்னும் சொல்லணும். ‘ஒட்டுபதம்’ முத்துச்சிப்பிக்குப் பொருந்தும், தூத்துக்குடில 1981லயே முத்துச்சிப்பிக் குஞ்சு பொரிச்சு எடுத்தாங்க, அது நூல் விட்டு ஒட்டிக்குற ஜாதி. முள்ளெலி உக்காந்துட்டு அப்புறம் ஊர்ந்து போற ஜாதி, அதனால ‘அமர்பதம்’ தான் என் தேர்வு. அமர்னா போர்னு பொருள் வருமேன்னு கேட்டா, பதத்தோட சேர்ந்து வரும்போது யாரும் போர்னு படிக்க மாட்டாங்க. ‘தீனிமுடிபதம்’ வேண்டவே வேண்டாம், ஆஸ்திரேலியாவுல ஹீலியோசிடாரிஸ் எரித்ரோகிராம்மான்னு ஒரு முள்ளெலி இருக்கு, அதோட லார்வா, முட்டைக்குள்ள இருக்குற சத்த வச்சே எதுவும் தின்னாம மூணு நாலு நாள்ல முள்ளெலியா மாறிடும், அதுக்கும் இந்த சொல் பொருந்தியாகணும்.

கை நீட்டிட்டு நீந்துற லார்வாவுக்கு இருக்குற புளூட்டியஸ்ங்குற பேர அப்படியே விட்டுடலாம். செட்டில்மென்ட்டுக்கு, அதாவது லார்வா அடியில உக்காருறதுக்கு, அமர்தல்னு வைக்கலாம், அமர்வு வேண்டாம், அது கூட்டத்துக்குப் போயிடுச்சு. லார்வாவுக்கு இலங்கைப் பாடநூல்ல குடம்பின்னு தான் இருக்கு, ‘அமர்பதக் குடம்பி’ன்னாலும் நல்லா தான் ஒலிக்குது, எனக்கு ரெண்டும் சம்மதம். யாழ்ப்பாணத்துல கடலட்டைக் குஞ்சு வளர்க்குறவங்க யாராவது இருந்தா, அட்டைக் குடம்பி தரையிறங்குற கட்டத்துக்கும் இந்த சொல்ல போட்டு ரெண்டு வரி எழுதிப் பாருங்க, எங்கயாவது இடறினா சொல்லுங்க, மாத்திக்கலாம்.