வீட்டுக்கு மூத்தவ, எல்லா வேலையும் என் தலையில, என் படிப்ப எப்படி காப்பாத்துறது?

மூத்தபொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, இத யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. எனக்கு 22 வயசு, டிகிரி முடிச்சாச்சு, புள்ளியியல்ல மேல படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அதுக்கான நுழைவுத் தேர்வுக்கு வீட்லருந்தே படிச்சிட்டு இருக்கேன். தம்பிக்கு 17, தங்கச்சிக்கு 12. அம்மாவுக்கு ஷிப்ட் வேலை, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதுலருந்து வெயிட் தூக்கக்கூடாது ரொம்ப நேரம் நிக்கக்கூடாது, பாட்டியும் எங்ககூடத்தான் இருக்காங்க.

வீட்ல யாரும் கெட்டவங்க இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். என்னைய யாரும் திட்டறதோ அடக்கறதோ இல்ல. ஆனா காலைல எந்திரிச்சதுலருந்து சமையல், துணி, பாட்டி மாத்திரை, தங்கச்சி வீட்டுப்பாடம், கரண்ட் பில்லு, அப்பாவோட செக்கப் தேதி, எல்லாத்துக்கும் "அக்காவ கேளு" தான். நான் வேலைக்கு போகாம வீட்ல உக்காந்து படிக்கிறதால எல்லார் கண்ணுக்கும் நான் சும்மா இருக்கற மாதிரி தெரியுது போல.

நேத்து மூணு மணி நேர மாக் டெஸ்ட் எழுத உக்காந்தேன். டைமர் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல தங்கச்சி சார்ட் ஒட்ட பசை கேட்டு வந்தா, அப்புறம் பாட்டி ராத்திரி மாத்திரை பகல் டப்பால கெடக்குன்னு பதறினாங்க, அத சரி பண்ணிட்டு திரும்பறதுக்குள்ள அப்பாவுக்கு நாளைக்கு எத்தன மணிக்கு அப்பாயின்ட்மென்ட்னு தம்பி மெசேஜ் பண்றான், பக்கத்து ரூம்லருந்து. வந்து பாத்தா பாதி டைம் போயிடுச்சு. ஒரு நிகழ்தகவு கணக்குல ரெண்டு வரி எழுதி பாதில விட்டிருந்தேன், அடுத்த வரிக்கு என்ன யோசிச்சு வச்சிருந்தேன்னு எவ்ளோ பாத்தும் ஞாபகமே வரல. அழுகையா வந்துச்சு, ஆனா அம்மா வர்ற நேரம், மொகத்த கழுவிட்டு அடுப்படிக்கு போயிட்டேன்.

அம்மா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் "இவ இல்லன்னா இந்த வீடே ஓடாது"ன்னு பெருமையா சொல்வாங்க. முன்னாடி கேக்க சந்தோஷமா இருக்கும், இப்பல்லாம் அத கேட்டாலே நெஞ்சு அடைக்குது. சீட் கெடச்சா ஹாஸ்டல்ல சேர வேண்டி வரும், அப்ப இவங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சே பாதி படிப்பு ஏறல. நான் சுயநலமா யோசிக்கிறேனா? வீட்ல சண்டை வராம இத எப்படி பேசறது? மூத்தவங்களா பொறந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

---

அண்ணன்காரன்:

தங்கச்சி, மொதல்ல அந்த கேள்விய தூக்கி ஓரமா வைங்க, இதுல சுயநலம் எங்கருந்து வந்துச்சு. நானும் மூத்தவன்தான், எனக்கு கீழ மூணு பேர். நீங்க எழுதினதுல என் கண்ணுல பட்டது வேலைங்களோட லிஸ்ட் இல்ல, "அக்காவ கேளு"ங்கற அந்த ரெண்டு வார்த்தைதான். மாத்திரைய எடுத்து குடுக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஆனா எந்த மாத்திரை எப்ப, தீரப்போகுதா, அடுத்த சீட்டு வாங்கியாச்சான்னு நாள் பூரா மனசுல சுமக்கறது நீங்க ஒருத்தர். அது யார் கணக்குலயும் வர்றதில்ல.

ஆலிசன் டாமிங்கர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் 2019ல இதப்பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. வீட்டு வேலைக்கு பின்னாடி ஓடற யோசனைய நாலா பிரிக்கறாங்க: என்ன தேவைப்படும்னு முன்கூட்டி உணர்றது, அதுக்கு என்னென்ன வழின்னு தேடறது, முடிவு எடுக்கறது, அது நடந்துச்சான்னு கண்காணிக்கறது. அவங்க பாத்தது கணவன் மனைவிங்கள, ஆனா மூத்த புள்ளைங்களுக்கும் அப்படியே பொருந்தும்னு நான் நெனைக்கறேன். தம்பிகிட்ட "அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ"ன்னு சொன்னா கால் பங்கு வேலைதான் அவன்கிட்ட போகுது, தேதி ஞாபகம், ரிப்போர்ட் எடுத்து வைக்கிறது, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், போனானா வந்தானா எல்லாம் உங்ககிட்டயே தங்கிடுது.

அதனால உதவி கேக்காதீங்க, ஒரு வேலைய வேரோட பிடுங்கி குடுங்க. "அப்பாவோட ஆஸ்பத்திரி விஷயம் இனிமே முழுசா உன்னோடது"ன்னு சொல்லி அந்த ஃபைல், அப்பாயின்ட்மென்ட் நம்பர், மருந்து சீட்டு எல்லாத்தையும் அவன் கையில குடுத்துடுங்க. 17 வயசு பையனுக்கு தாராளமா முடியும். அதுக்கப்புறம் அவன் உங்ககிட்ட மணி கேட்டா நீங்க சொல்லக்கூடாது, "ஃபைல்ல பாருடா"தான் பதில். ஆரம்பத்துல அவன் சொதப்புவான், லேட்டா போவான், ஏதாவது பேப்பர மறந்துட்டு போவான். அங்க ஓடிப்போய் நீங்க எடுத்து குடுத்தீங்கன்னா அந்த வேலை அன்னைக்கே உங்ககிட்ட திரும்ப வந்துடும். பாட்டி மாத்திரை மாதிரி தப்பானா ஆபத்தா போற விஷயத்த மட்டும் அப்படி விடாதீங்க, கொஞ்ச நாள் கூட இருந்து சொல்லிக்குடுத்துட்டு அப்புறம் கை மாத்துங்க.

---

கடைக்குட்டி:

நான் அந்தப் பக்கத்துலருந்து சொல்றேன், எங்க வீட்ல நான்தான் கடைசி. சின்ன புள்ளைங்களுக்கு இது தெரியவே தெரியாதுக்கா, நெஜமா. பொறந்ததுலருந்து அக்கா பண்றத பாத்தே வளர்றோம், அதனால வீடுன்னா இப்படித்தான் தானா ஓடும்னு நெனச்சுப்போம். எங்க அக்கா வேலைக்கு வெளியூர் போனப்பதான் பாத்ரூம்ல சோப்பு தீர்ந்தா புதுசு தானா வராதுன்னே தெரிஞ்சுது.

உங்க தங்கச்சிக்கு 12 ஆச்சு, அவ பேக், அவ யூனிஃபார்ம், அவ ப்ராஜக்ட் சாமான் எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா. கொடுத்தா பிடிக்கும் கூட, அந்த வயசுல பெரியவங்க மாதிரி நடத்தினா சந்தோஷமாத்தான் இருக்கும். ஒண்ணே ஒண்ணு, கோவத்துல இருக்கறப்ப சொல்லாதீங்க. அக்கா கத்திட்டா நாங்க பயந்துபோய் ரெண்டு நாள் செஞ்சுட்டு விட்டுடுவோம், எதுக்குன்னே புரியாது. உக்கார வச்சு "எனக்கு இந்த தேதில எக்ஸாம், இதுல பாஸாகணும்னு எனக்கு உசுரு"ன்னு சொல்லுங்க. அக்காவுக்கும் ஒரு ஆசை இருக்குங்கறதே எத்தனையோ வீட்ல சின்னவங்களுக்கு தெரியாது.

---

நதிக்கரை:

குடும்ப ஆலோசனை படிச்சவங்கற முறைல கொஞ்சம் சொல்லலாமா. நீங்க சொல்றதுக்கு பேரண்டிஃபிகேஷன்னு சொல்வாங்க, பெத்தவங்க செய்ய வேண்டியது புள்ள மேல விழறது. ரெண்டு விதமா பிரிச்சு பாப்பாங்க, சமையல் பில்லு மாத்திரை மாதிரி கைவேலை ஒண்ணு, வீட்ல உள்ளவங்களோட கவலைய வாங்கி சுமக்கறது, சமாதானம் பண்றது, அம்மா மனசு நோகாம பாத்துக்கறது இன்னொண்ணு. பொதுவா ரெண்டாவதுதான் ஆள உள்ளுக்குள்ள அதிகமா பாதிக்குது. முதலாவது எல்லா சமயத்துலயும் கெடுதல்னு சொல்ல முடியாது, அளவோட இருந்து, வீட்ல அத மதிச்சு, நியாயமா பங்கு போட்டா அதுலருந்து திறமையும் தன்னம்பிக்கையும் வரும். அதனாலதான் இத ஆராய்ச்சி பண்றவங்க எவ்ளோ வேலை செய்யறீங்கன்னு மட்டும் கேக்கறதில்ல, அது நியாயமா தோணுதான்னும் தனியா கேக்கறாங்க.

சால்வடோர் மினுச்சின்னு ஒரு குடும்ப சிகிச்சை நிபுணர், 1960கள்லயே பெத்தவங்க இடத்துல நிக்கற புள்ளைங்கள பத்தி எழுதினவர். பெரிய குடும்பத்துலயும், அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்லயும் இந்த ஏற்பாடு இயல்புதான், நல்லாவும் நடக்கும், ஆனா பெத்தவங்க வாய்விட்டு தெளிவா பொறுப்ப ஒப்படைச்சிருக்கணும்னு சொன்னார். சொல்லாம கொள்ளாம தானா வந்து விழுந்தா பொறுப்பு மட்டும் இருக்கும், அதிகாரம் இருக்காது. உங்க வீட்ல அதுதான் நடக்குது. தம்பிகிட்ட வேலை சொன்னா அவன் அம்மாவ பாப்பான். அதனால நீங்க தனியா தம்பி தங்கச்சிகிட்ட பேசறதுக்கு முன்னாடி அம்மா அப்பாகிட்ட பேசுங்க, பங்கு பிரிக்கறத அவங்க வாயாலயே சொல்ல வைங்க. நீங்க சொன்னா அக்கா தன் வேலைய தள்ளி விடறான்னு ஆகும், அவங்க சொன்னா அது வீட்டு ஏற்பாடு.

தம்பிக்கு சமையல்கட்டு பக்கமே வேலை இல்லன்னா அதையும் பேசுங்க. யுனிசெஃப் 2016ல குடுத்த கணக்குல உலகம் முழுக்க 5லருந்து 14 வயசு பொண்ணுங்க அதே வயசு பையன்கள விட வீட்டு வேலைல 40 சதவீதம் அதிக நேரம் செலவு பண்றாங்க. இது உங்க ஒரு வீட்டு கதை இல்ல.

இன்னொண்ணு, "மூத்தவ அப்படித்தான், பொறுப்பு கூடவே பொறந்தது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2015ல அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனில 20,000 பேருக்கு மேல வச்சு பண்ண ஆய்வுல பொறுப்புணர்ச்சி உட்பட முக்கியமான குணங்கள்ல பொறந்த வரிசையால குறிப்பிட்டு சொல்ற வித்தியாசம் எதுவும் தெரியல. நீங்க பொறுப்பா இருக்கீங்கன்னா வருஷக்கணக்கா வேலை உங்க கைக்கு வந்து வந்து பழகினதுதான். உங்க தம்பிக்கும் பழகும்.

---

ரெண்டுபுள்ளம்மா:

கண்ணு, நான் உங்க அம்மா வயசுக்காரி, நானும் ஷிப்ட் வேலை பாத்தவ. அதனால எனக்கு சொல்ல உரிமை இருக்குன்னு நெனைக்கறேன். "இவ இல்லன்னா வீடு ஓடாது"ன்னு உங்க அம்மா சொல்றது நன்றிலதான், உன்ன கட்டிப்போட இல்ல. களைச்சு வீட்டுக்குள்ள வர்ற பொம்பளைக்கு வெளக்கு எரிஞ்சு சாப்பாடு ஆகி இருந்தா அதுக்கு மேல எதையும் ஆராய மாட்டா. உன் மொகத்த பாத்து கண்டுபிடிப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருக்காத. மொகத்த கழுவிட்டு அடுப்படிக்கு போறன்னு எழுதியிருக்கியே, அங்கதான் எனக்கு மனசு வலிச்சுது, அழுதது அவங்களுக்கு தெரியவே இல்ல.

அம்மா லீவு நாள் பாத்து, சாப்பிட்டு முடிச்சு கொஞ்சம் ஆசுவாசமா இருக்கறப்ப பேசு. கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொன்னா "எனக்கும்தான் கஷ்டம்"னு பேச்சு அங்கயே முடிஞ்சுடும். எழுதி எடுத்துட்டு போ, எக்ஸாம் தேதி, தினமும் உனக்கு வேணும்ங்கற நேரம், அந்த நேரத்துல யார் எத பாக்கறதுன்னு. அப்பாவையும் விட்டுடாத. வெயிட் தூக்கக்கூடாதுன்னா உக்காந்து செய்யறதுக்கு எவ்ளோ இருக்கு, பில்லு கட்டறது, ஃபாரம் நிரப்பறது, சின்னவளுக்கு பாடம் சொல்லிக் குடுக்கறது, காய் நறுக்கறது. உடம்பு முடியாத ஆம்பளைக்கு தான் இன்னும் வீட்டுக்கு உபயோகம்னு தெரியறது பெரிய தெம்பு, எங்க வீட்லயே பாத்திருக்கேன்.

---

மூத்தபொண்ணு:

எல்லாத்தையும் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அப்பாவ பத்தி நான் யோசிக்கவே இல்ல, அவரே போன வாரம் "நான் ஏதாச்சும் பண்ணட்டுமா"ன்னு கேட்டாரு, வேணாம் நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டேன்.

அம்மாவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை லீவு, அன்னைக்கு பேசறேன். ஆனா எக்ஸாமுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான், இவங்க எல்லாரும் பழகறதுக்குள்ள என் நேரம் போயிடுமே, அது வரைக்கும் படிப்ப எப்படி ஓட்டறது? இடையில எழுந்து போய் வந்தா மண்டைல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. அப்புறம் அம்மா சாயங்காலம் வந்து ஆபீஸ் பிரச்சனை, கடன் கவலை எல்லாம் என்கிட்டதான் கொட்டுவாங்க, அத நிறுத்த சொல்ல எனக்கு மனசு வரல.

---

நதிக்கரை:

எழுந்து போய் வந்தா மறந்துபோறது உங்க மூளையோட குறை இல்ல. ஒரு வேலைலருந்து இன்னொண்ணுக்கு தாவறப்ப கவனத்துல ஒரு பங்கு பழசுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009ல காட்டினாங்க. 2018ல அவங்களே இன்னொருத்தரோட சேர்ந்து அதுக்கு ஒரு சின்ன வழியும் சோதிச்சு பாத்தாங்க, யாராவது குறுக்கிட்டா எழுந்துக்கறதுக்கு முன்னாடி எங்க நிக்கறோம், திரும்பி வந்து மொதல்ல என்ன செய்யணும்னு சுருக்கமா எழுதி வச்சிட்டு போறது. அப்படி எழுதினவங்களுக்கு அடுத்த வேலைலயும் கவனம் நல்லா நின்னுச்சு. அந்த நிகழ்தகவு கணக்குல "அடுத்து பேயஸ் விதி போடணும்"னு மார்ஜின்ல ஒரு வரி இருந்திருந்தா அங்கருந்தே புடிச்சிருக்கலாம். பாட்டி கூப்பிட்டா கூட "இதோ வரேன் பாட்டி"ன்னு சொல்லிட்டு அந்த வரிய எழுதிட்டே எந்திரிங்க.

அம்மா விஷயம், நிறுத்த சொல்ல வேண்டாம். அவங்களுக்கும் பேச ஆள் வேணும்ல. ஆனா கேக்கறதுக்கும் தீர்க்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. "கஷ்டமா இருக்கும்மா, புரியுது, அப்பாகிட்ட சொன்னீங்களா?"ன்னு கேளுங்க, கடன் கவலை அவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேச வேண்டியது. அடைக்க வழி கண்டுபிடிக்கறது 22 வயசு பொண்ணோட வேலை இல்ல. கேட்டுட்டு தூக்கம் வராத அளவுக்கு போச்சுன்னா தயங்காம ஒரு கவுன்சிலர பாருங்க.

---

அண்ணன்காரன்:

பழகற வரைக்கும் மாக் டெஸ்ட்ட வீட்ல எழுதாதீங்க. லைப்ரரியோ தோழி வீடோ எங்கயாவது போங்க, ஃபோன அணைச்சு பைக்குள்ள போட்டுடுங்க. மூணு மணி நேரம் நீங்க கண்ணுல படலன்னா பசை எங்கன்னு அவங்களே தேடிப்பாங்க. வீட்ல கெடைக்கற துண்டு துண்டு நேரத்துல புது பாடம் எடுக்காதீங்க, படிச்சத புக்க மூடிட்டு எழுதிப் பாருங்க, திரும்ப திரும்ப வாசிக்கறத விட அதுதான் நாள் கழிச்சும் ஞாபகத்துல நிக்குதுன்னு 2006லயே ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு ஆய்வாளர்கள் சோதிச்சு காட்டியிருக்காங்க, அதுக்கு பத்து நிமிஷம் கெடச்சா கூட போதும்.

ஹாஸ்டலுக்கு போனா என்ன ஆகும்னு கேட்டீங்களே, வேலைய கை மாத்திட்டு இப்படி வெளிய போய் எழுதினா அதுக்கும் இப்பவே ஒத்திகை பாத்த மாதிரி ஆச்சு. ஞாயித்துக்கிழமை பேசிட்டு என்ன ஆச்சுன்னு இங்க வந்து எழுதுங்க, தம்பி மொறைச்சான்னா அதையும் எழுதுங்க, அதுக்கு என்ன பண்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்.