புதுப்பிப்பு: கல்லடிக் குதிரையின் வயிற்றுவலிக்குக் காரணம் மணல்

போன கிழமை எழுதியிருந்தேன்: மட்டக்களப்புக் கல்லடியில் நான் வளர்க்கும் பெண்குதிரை தீனி தொடவில்லை, முன்காலால் நிலத்தைக் கிளறுகிறாள், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறாள் என்று. இப்போது சுகம். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

அன்றிரவே மிருக வைத்தியர் வந்தார். அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவர், என்னையும் கேட்கச் சொன்னார். கரையில் அலை உரசுகிற மாதிரியே ஒரு சத்தம். குடலுக்குள் மணல் அசைகிற சத்தமாம். இத்தனை நாளும் வெறும் கடற்கரை மண்ணில்தான் புல்லைக் கொட்டினேன். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கசாயம் பருக்கச் சொன்ன அண்ணா, குறை நினைக்காதீர்கள், நான் பருக்கவில்லை. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மணலை வெளியேற்ற இசப்கோல் உமி (தண்ணீரில் ஊறினால் கூழாகும் விதை உமி) கொடுத்தார்.

மணல் மண்ணில் குதிரை வளர்ப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்: நிலத்தில் படாத இலத்தி ஐந்தாறு உருண்டையைத் தெளிவான போத்தலில் தண்ணீர் விட்டுக் கலக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். மணல் அடியில் படியும். படியாவிட்டாலும் குடலில் இல்லையென்று சொல்ல முடியாது.

இப்போது ரப்பர் விரிப்பின் மேல் பெரிய தொட்டி வைத்துத்தான் தீனி. 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த புல் வேண்டும்; வயிற்றில் புல் ஓடிக்கொண்டிருந்தால்தான் மணலும் நகரும். நேற்றைய போத்தலிலும் கொஞ்சம் மணல் இருந்தது. ஞாயிறு மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.