அமோரிம் வளைய வேண்டுமா, அணி வளைய வேண்டுமா?

2025 ஜனவரி 20 அன்று கால்பந்து ரசிகர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை:

செஞ்சட்டை எழுதியது:

வெள்ளிக்கிழமை நம் பழைய முன்கள வீரர் டெனிஸ் லா இறந்தார். ஞாயிறன்று, 2025 ஜனவரி 19இல், ஓல்டு டிராஃபோர்டில் அவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டு ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினோம். முடிவில் பிரைட்டன் 3, மான்செஸ்டர் யுனைடெட் 1. இந்தச் சட்டையில் 237 கோல் அடித்த மனிதருக்கு நாம் செய்த இறுதி மரியாதை இதுதானா? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் ஆடிய 12 லீக் ஆட்டங்களில் ஆறு தோல்வி. இதற்கு முன் இப்படித் தொடங்கியது 1893-94இல், கிளப்புக்கு நியூட்டன் ஹீத் என்ற பெயர் இருந்த காலத்தில்.

முந்தைய பயிற்சியாளர் டென் ஹாக் ஒன்பது லீக் ஆட்டங்களில் 11 புள்ளி எடுத்தார். அக்டோபர் 28 அன்று வெளியே அனுப்பினார்கள். அடுத்து வந்த பயிற்சியாளர் ரூபன் அமோரிம் 11 லீக் ஆட்டங்களில் எடுத்திருப்பதும் அதே 11 புள்ளி. மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, ஆறு தோல்வி. கிளப்பின் வரலாற்றிலேயே மிக மோசமான அணி ஒருவேளை இதுவாக இருக்கலாம் என்று நேற்று அவரே சொன்னார். முந்தையவரைவிடத் தான் அதிகம் தோற்பதையும் ஒப்புக்கொண்டார். கூடவே, என்ன நடந்தாலும் மாறப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். நோயாளி மோசமாகிக்கொண்டே போவதைப் பார்த்தும் அதே மருந்தைக் கொடுக்கும் வைத்தியரிடம் எத்தனை நாள் விட்டுவைப்பது? மே மாதம்வரை நான்கு பேர் தடுப்புக்குத் திரும்ப வேண்டும். தான் கொண்டுவந்த மூன்று பேர் தடுப்பை அடுத்த பருவத்தில் தொடங்கட்டும்.

பந்துமொழி எழுதியது:

கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். இப்ஸ்விச்சில் அவர் பொறுப்பேற்று ஆடிய முதல் ஆட்டம் நவம்பர் 24. அன்றிலிருந்து நேற்றுவரை 57 நாளில் 15 ஆட்டங்கள். டிசம்பரில் மட்டும் ஒன்பது. ஒரு ஆட்டம் முடிந்த மறுநாள் உடலைத் தேற்ற வேண்டும், அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் அதிகம் ஓடவிட முடியாது. மூன்று பேர் தடுப்பில் யார் முன்னேற வேண்டும், விங்பேக் (பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஓடுபவர்) உள்ளே வந்தால் அவர் இடத்தை யார் காக்க வேண்டும் என்பதையெல்லாம் எந்த நாளில் சொல்லித்தருவது? காணொளி போட்டுக் காட்டலாம். கால்கள் அதைக் கற்க திடலில் நேரம் வேண்டும்.

பருவத்தின் முடிவில் வருகிறேன் என்றுதான் அவர் கேட்டார். இப்போது வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று நெருக்கியது நிர்வாகம்.

செஞ்சட்டை எழுதியது:

நேரமின்மையை நான் ஏற்க மாட்டேன். 2021 ஜனவரி கடைசியில் தாமஸ் டுகெல் செல்சிக்கு வந்தார். அதுவும் பருவத்தின் நடுவில்தான். வந்தவுடன் மூன்று பேர் தடுப்புக்கு மாறினார். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். அதற்கும் முன்னால், 2016 செப்டம்பரில் ஆர்செனலிடம் 0-3 என்று தோற்ற பிறகு அன்டோனியோ கோன்டே அதே செல்சியை 3-4-3க்கு (பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்) மாற்றினார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்று சாம்பியன் ஆனார். இந்த அமைப்பைக் கற்பிக்க ஆண்டுக்கணக்கு தேவை என்று யார் சொன்னது?

பந்துமொழி எழுதியது:

கோன்டேயின் செல்சிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியே இல்லை. வாரம் முழுவதும் பயிற்சித் திடல் அவர் கையில் இருந்தது. பருவத்துக்கு முந்தைய கோடைக்காலமும் அவருடையதுதான். டுகெல் கணக்கு வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தவர்களைப் பாருங்கள்: வலப்பக்கம் ரீஸ் ஜேம்ஸ், இடப்பக்கம் பென் சில்வெல், நடுவில் கான்டேயும் ஜோர்ஜின்யோவும், பின்னால் தியாகோ சில்வா. நம் இடப்பக்கத்தில் யார்? லூக் ஷா காயத்தில் கிடக்கிறார். வலக்காலில் ஆடும் டாலோ அங்கே நின்று, ஒவ்வொரு முறையும் பந்தை உள்ளே திருப்பிக்கொண்டு வருகிறார். தாக்குதல் அந்த இடத்திலேயே வேகம் இழந்துவிடுகிறது.

செஞ்சட்டை எழுதியது:

நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள் நண்பரே. விங்பேக் இல்லாத அணிக்கு விங்பேக்கை நம்பும் அமைப்பு எதற்கு? நேற்றைய முதல் இரண்டு கோலையும் மறுபடி பாருங்கள். மிட்டோமா நம் தடுப்புக்குப் பின்னால் ஓடி மின்டேவுக்குக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் மின்டே கொடுத்தார், தூரத்துக் கம்பத்தில் மிட்டோமா முடித்தார். இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. பிரைட்டன் பயிற்சியாளர் ஹூர்ட்செலரும் இந்தப் பருவத்தில் புதிதாக வந்தவர்தான், வயது 31.

பச்சை வரி எழுதியது:

2020 முதல், அமோரிமின் முந்தைய அணியான போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்பதால் குறுக்கிடுகிறேன். இரு தரப்பிலும் பாதி உண்மைதான் வந்திருக்கிறது.

2020 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் அவரை பிராகாவிலிருந்து ஒரு கோடி யூரோ கொடுத்து அழைத்து வந்தது. பிராகாவில் அவர் நடத்தியிருந்தது வெறும் 13 ஆட்டங்கள். லிஸ்பனில் பலர் கொதித்தார்கள். அவர் வந்தபின் அந்தப் பருவம் நான்காம் இடத்தில் முடிந்தது. மறு ஆண்டே 19 ஆண்டுக்குப் பின் லீக் பட்டம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, போரோ, நூனோ மென்டஸ் என்று ஓடிச் சளைக்காத இரண்டு விங்பேக்குகள். மற்றொன்று, அக்டோபரிலேயே லாஸ்க் அணியிடம் 1-4 என்று தோற்று யூரோப்பா லீக்கிலிருந்து வெளியேறியது. அன்று எல்லோரும் அழுதோம். அந்தத் தோல்விதான் அவருக்குப் பயிற்சி நாட்களைக் கொடுத்தது. ஆகவே நேரமும் ஆளும் இரண்டுமே தேவை என்று பந்துமொழி சொல்வது சரி.

செஞ்சட்டைக்குச் சாதகமான ஒன்றையும் சொல்கிறேன். அவர் வளைய மாட்டார். 2022-23இல் ஸ்போர்ட்டிங் நான்காம் இடத்தில் முடிந்தது. அந்த ஆண்டும் அமைப்பை அவர் கைவிடவில்லை. கிளப்பும் அவரைக் கைவிடவில்லை. கோடையில் யோக்கரெஸும் யூல்மண்டும் வந்தார்கள், 2024இல் மறுபடி பட்டம். நவம்பரில் அவர் கிளம்பியபோது அந்தப் பருவத்தின் 11 லீக் ஆட்டங்களையும் ஸ்போர்ட்டிங் வென்றிருந்தது. மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று தோற்கடித்திருந்தது. அவருக்குப் பின் வந்தவர் டிசம்பர் முடிவதற்குள் பதவி இழந்தார். அதே வீரர்கள்தான், தடம் புரண்டார்கள். அந்த 11 வெற்றிக்குப் பின்னால் நாலரை ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை அதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

பழைய ரசிகர் எழுதியது:

லாவை நினைவுகூரும் வாரம் என்பதால் 1974ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரலில் சிட்டி சட்டை அணிந்து, குதிகாலால் அவர் அடித்த கோல் யுனைடெட்டை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளியது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு. அன்று பர்மிங்காம் வென்றுவிட்டதால், அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தாலும் யுனைடெட் இறங்கித்தான் இருக்கும். கோல் அடித்தவர் கையைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததை. அணியோடு கீழே இறங்கிய பயிற்சியாளர் டாமி டோகர்ட்டியைக் கிளப் நீக்கவில்லை. 1975இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார். 1977இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை எடுத்தார். பெர்குசன் கதை எல்லோருக்கும் தெரியும்: 1986 நவம்பரில் முதல் ஆட்டம் ஆக்ஸ்ஃபோர்டிடம் 0-2, 1990இல் 13ஆம் இடம், முதல் லீக் பட்டம் 1993இல். இன்று நாமும் 13ஆம் இடத்தில்தான் இருக்கிறோம் தம்பிகளே.

செஞ்சட்டை எழுதியது:

ஐயா, உங்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் பெர்குசனைச் சொல்லி எங்கள் வாயை அடைப்பது 2013இலிருந்து நடக்கிறது. மோய்ஸுக்கும் அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள், பத்து மாதத்தில் போனார். வான் கால், மொரின்யோ, சோல்ஷர், டென் ஹாக் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமை கேட்டோம். பொறுத்தால் பெர்குசன் கிடைப்பார் என்று எந்த விதியும் இல்லை. பொறுத்துக் கெட்ட கிளப்புகளின் கதையை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பழைய ரசிகர் எழுதியது:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெர்குசன் தப்பியது போல எல்லோரும் தப்புவதில்லை. ஆனால் நீங்கள் வரிசையாகச் சொன்ன பெயர்களைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு ஏற்ற வீரர்களை வாங்கினார்கள், அடுத்தவருக்கு அவர்கள் பொருந்தவில்லை. 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அவர் விரும்பிய டி லிக்ட், மஸ்ராவி, சிர்க்ஸீயை வாங்கிக் கொடுத்துவிட்டு அக்டோபரில் நீக்கியது யார்? விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வர்த்தை ஐந்தே மாதத்தில் அனுப்பியது யார்? அந்த நிர்வாக அறையில் இருப்பவர்கள் மீது ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

நடுக்கோடு எழுதியது:

மூன்றா நான்கா என்று சண்டை போடுகிறீர்கள். வாங்கிய கோல்களை எழுதிவைத்துப் பார்த்தேன். ஆர்செனலின் இரண்டும் கார்னரில். ஃபாரஸ்டின் முதல் கோல் கார்னரில். போர்ன்மவுத் முதல் கோல் ஃப்ரீ கிக்கில். டிசம்பர் 19 அன்று லீக் கோப்பையில் ஸ்பர்ஸின் சோன் கார்னரை நேராக வலைக்குள் அடித்தார். ஒரே வாரத்தில், 26ஆம் தேதி, வுல்வ்ஸின் குன்யா அதையே செய்தார். ஒரு வாரத்தில் இரண்டு முறை நேரடிக் கார்னர் கோல் வாங்கிய அணியை நான் பார்த்ததில்லை. கார்னர் எடுக்கும்போது பதினொரு பேரும் பெட்டிக்குள்தான் நிற்கிறார்கள், எந்த அமைப்பாக இருந்தால் என்ன? நேற்றைய மூன்றாவது கோலும் ஒனானாவின் கையிலிருந்து நழுவிய பந்து. கோல்கீப்பர் பந்தைப் பிடிப்பதற்கும் 3-4-3க்கும் என்ன தொடர்பு?

செஞ்சட்டை எழுதியது:

நடுக்கோட்டின் கணக்கு என்னைக் கொஞ்சம் அசைத்தது, மறைக்கவில்லை. ஆனால் டிசம்பர் 30 நியூகாசில் ஆட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? நடுக்களத்தில் கசமீரோவும் எரிக்சனும் இரண்டே பேர். எதிரே டொனாலி, கிமரேஸ், ஜோலின்டன் என்று மூன்று பேர். 19ஆவது நிமிடத்துக்குள் 0-2. 33ஆவது நிமிடத்தில் சிர்க்ஸீயை வெளியே எடுத்து மைனூவை இறக்கினார். வெளியேறிய சிர்க்ஸீயைச் சொந்த ரசிகர்களே கேலி செய்து கைதட்டினார்கள். அவர் தலைகுனிந்து சுரங்கப்பாதைக்குள் நடந்துபோனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தவறு அந்தப் பையனுடையதா? நடுக்களத்தில் மூன்றாவது ஆள் வேண்டும் என்பதைப் பயிற்சியாளரே அந்த மாற்றத்தால் ஒப்புக்கொண்டார். அதை ஆட்டத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

பந்துமொழி எழுதியது:

அந்த ஆட்டத்தில் நம் நடுக்கள வீரர்கள் புருனோவும் உகார்ட்டேவும் தடையில் இருந்தார்கள். இருந்தாலும் உங்கள் குறையை ஏற்கிறேன். கசமீரோ, எரிக்சன் இருவரையும் ஒன்றாக நிறுத்தியது தவறு. அது அவருடைய தவறுதான்.

இதையும் பாருங்கள். சிட்டியின் எத்திஹாடில் 2-1, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2-2, ஆர்செனலின் எமிரேட்ஸில் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து பெனால்டியில் வெற்றி. கடைசிப் பெனால்டியை அடித்தவர் நீங்கள் சொன்ன அதே சிர்க்ஸீ. எதிரணி முன்னேறி வரும்போது இந்த அமைப்பு நிற்கிறது. பந்தை நம்மிடம் கொடுத்துவிட்டு அவர்கள் காத்திருக்கும்போதுதான் திணறுகிறோம். கடைசி இடத்தில் இருக்கும் சவுதாம்ப்டனிடம் 82ஆவது நிமிடம்வரை பின்தங்கியிருந்தோம். அமாத் மூன்று கோல் அடித்து மானத்தைக் காத்தார். சிக்கல் தாக்குதலில்தான். நான்கு பேர் தடுப்புக்குத் திரும்பினால் அது தீராது. டென் ஹாக்கின் நான்கு பேர் தடுப்பும் அங்கேதான் முட்டி நின்றது.

பச்சை வரி எழுதியது:

அமாத் பற்றி ஒரு வார்த்தை. அவரை விங்பேக்காக நிறுத்தி 80 மீட்டர் பின்னால் ஓடவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஸ்போர்ட்டிங்கில் இப்படிப்பட்ட வீரரை கோலுக்கு அருகில்தான் வைத்தார் அமோரிம். இங்கே அந்த ஓட்டத்துக்கு வேறு ஆள் இல்லாததால் செய்கிறார். வீரர்களை வாங்கும் காலம் முடியும் பிப்ரவரி 3க்குள் இடப்பக்கத்துக்கு ஒருவரையாவது வாங்கித் தராவிட்டால், அதன்பின் வரும் தோல்விகளுக்கு அவரை மட்டும் கேட்பது நியாயமாகாது.

செஞ்சட்டை எழுதியது:

சரி, என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். அவரை நீக்கச் சொல்லி நான் முதலிலும் கேட்கவில்லை. நான்கு பேர் தடுப்பு என்பதையும் இனிப் பிடித்துத் தொங்கவில்லை. சொந்த மைதானத்தில் ஆடும்போது முன்னால் இருக்கும் மூவரில் ஒருவரைக் குறைத்து நடுக்களத்தில் மைனூ, உகார்ட்டே, புருனோ என்று மூவரை நிறுத்தட்டும். பின்னால் மூவர் அப்படியே இருக்கட்டும். இதைச் செய்தால் அவருடைய கொள்கை உடைந்துவிடாது. இந்த அளவுக்குக்கூட வளைய மாட்டேன் என்றால் அதைப் பிடிவாதம் என்றுதான் சொல்வேன், யார் என்ன சமாதானம் சொன்னாலும்.

பந்துமொழி எழுதியது:

இதை ஏற்கிறேன். ஆனால் அப்போது அமாத் எங்கே?

செஞ்சட்டை எழுதியது:

முன்னால், கோலுக்குப் பக்கத்தில். வலப்பக்க ஓட்டத்தை மஸ்ராவி பார்த்துக்கொள்ளட்டும். வியாழக்கிழமை யூரோப்பா லீக்கில் ரேஞ்சர்ஸ் ஓல்டு டிராஃபோர்டுக்கு வருகிறது. முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அமாத் நிற்கும் இடத்தையும் நடுவில் எத்தனை பேர் என்பதையும் மட்டும் பார்க்கப்போகிறேன். நீங்களும் பாருங்கள், ஆட்டம் முடிந்ததும் இங்கேயே பேசுவோம்.