அப்பாவுக்கு விதை எடுக்கும் ஆபரேஷன் சொல்கிறார்கள், செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மஞ்சக்காட்டு மகள்:

அப்பாவுக்கு 67 வயது. கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் விவசாயம். இடுப்பு வலி என்று ரொம்ப நாளாக எலும்பு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பார்த்தால் முந்நூறுக்கு மேல். பயாப்ஸி, எலும்பு ஸ்கேன் எல்லாம் முடிந்து, புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்குமாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆபரேஷனில் அதைச் சுரக்கும் இரண்டு விதைகளையும் எடுத்துவிடலாம். செலவை நினைத்து அப்பா ஆபரேஷனே போதும் என்கிறார்.

நான் ஒரே பெண். இதையெல்லாம் அவர் என்னிடம் பேசமாட்டார், நானும் எப்படிக் கேட்பது? 'மீசை கொட்டிப்போகுமா' என்று அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறார். அது காதில் விழுந்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. உடம்பும் மனசும் எப்படி மாறும் என்று தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கணபதி லேத்:

கண்ணு, நான் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவன். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 63 வயதில் எடுத்தார்கள்.

முதலில் அப்பா கேட்டதற்குப் பதில். மீசை போகாது. குரலும் மாறாது, வயசுக்கு வந்தபோது உடைந்த குரல் உடைந்ததுதான். தாடி வளர்வது மட்டும் மெதுவாகும். நெஞ்சு, கால் முடி குறையும்.

ஆபரேஷன் பெரிய விஷயம் இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் வீக்கம், கால் அகட்டி நடை, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்கச் சொல். விதையின் மேலுறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சதையை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறது. அப்படிச் செய்தால் விதைப்பை வெறுமையாகத் தெரியாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 'சின்ன ஆபரேஷன்தான், கையெழுத்துப் போடுங்க' என்றார்கள், முடிந்துவிட்டது. இன்றுவரை அந்த வருத்தம் இருக்கிறது. குளிக்கும்போது கண் அங்கே போகத்தான் செய்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ராத்திரி தூங்கவிடாமல் இருந்த எலும்பு வலி சில நாளிலேயே இறங்கிவிட்டது. பிஎஸ்ஏயும் மளமளவென்று குறைந்தது.

அப்புறம் அந்த வெக்கை. மார்கழி காலையிலும் நெஞ்சில் கிளம்பிக் கழுத்து, முகம், காது வரை ஏறும். இரண்டு மூன்று நிமிஷத்தில் சட்டை நனைந்து, உடனே குளிரும். சுடச்சுடக் காபி குடித்தால் எனக்குக் கட்டாயம் வரும். பையன் மெஷினை நிறுத்தாமலே ஃபேனை என் பக்கம் திருப்பிவிடுவான், ஒரு வார்த்தை கேட்கமாட்டான். தனியாகத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்த, லேத்தில் இரும்பைப் பிடிக்கும் நாலு தாடைச் சக்கை இப்போது அவனோடு சேர்ந்துதான் மாட்டுகிறேன். தோளிலும் தொடையிலும் சதை வற்றி, வயிறு மட்டும் போட்டுவிட்டது. சர்க்கரையும் ஏறியது.

மனசைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நீ கேட்டது அதைத்தானே. ஆசை அநேகமாக அடங்கிவிடும். ஆசையே இல்லையென்றால் கஷ்டம் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். கஷ்டம் வேறு இடத்திலிருந்து வருகிறது. நாலு பேர் சிரித்துப் பேசும் இடத்தில், இவர்களுக்கு என் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு உள்ளே ஓடும். பேத்தி பள்ளி ஆண்டு விழாவில் ஆடியதைப் பார்த்துத் தேம்பிவிட்டேன், அப்பா செத்தபோது கூட அப்படி அழாதவன். கோபம் சட்டென்று வரும், அப்புறம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

ரொம்ப வலித்தது வீட்டுக்குள்தான். இனி எதற்கு என்று கட்டிலை முன்ரூமில் போட்டுக்கொண்டேன். என் மேல் என்ன கோபம் என்று என் வீட்டுக்காரி மாசக்கணக்கில் மருகியிருக்கிறாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள். இருவரும் அன்றைக்கு அழுதோம். கட்டில் உள்ளே வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன், ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எல்லாவற்றையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லட்டும். நீ வெளியே இரு, அப்பாவுக்கு அது சௌகரியம்.

திண்டுக்கல் அக்கா:

தங்கச்சி, என் வீட்டுக்காரர் ஊசிதான் கேட்டார். உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று ஒரே பிடி. பலன் இரண்டுக்கும் ஒன்றுதான், வெக்கையும் சோர்வும் இதிலும் அப்படியே வரும். ஆனால் எதுவும் போய்விடவில்லை என்ற நினைப்பு அவருக்குத் தெம்பு, அதற்காகவே நான் செலவைப் பார்க்கவில்லை. ஊசி என்று முடிவானால் ஒன்று கவனி. சில ஊசிகள் முதல் வாரம் இரண்டு வாரம் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அதற்குத் துணையாக, ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் பைகலூடமைடு மாத்திரை தருவார்கள், அதை விடக் கூடாது. அப்புறம் எலும்பு, ஹார்மோன் இறங்கினால் அதுவும் பலவீனமாகும். பாத்ரூமில் லேசாக வழுக்கினார், இடுப்பெலும்பு போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு தடவையாவது எலும்பு அடர்த்தி பார்த்திருக்கலாமே என்று இப்போதும் அடித்துக்கொள்கிறேன்.

வார்டு நர்ஸ்:

புற்றுநோய் வார்டில் வேலை செய்கிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் 90 சதவீதத்துக்கு மேல் விதையில்தான் சுரக்கிறது, அதனால் ஆபரேஷன் முடிந்த ஒரு நாளுக்குள்ளேயே அளவு விழுந்துவிடும். இந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சிகாகோவில் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். இப்போது பரவிய நோய்க்கு இதோடு, மிச்ச ஹார்மோனையும் தடுக்கும் அபிராடெரோன் போன்ற மாத்திரையையும் ஆரம்பத்திலேயே சேர்ப்பது வழக்கம், அதையும் கேளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் டாக்டர் சொல்லும் அளவில். எலும்பை வலுப்படுத்தும் ஊசி போடுவதானால் அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தாடையெலும்பைப் பாதிக்கக்கூடும். வெக்கை தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது. தினம் நடப்பதோடு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும், சதை கரைவதை அதுதான் தடுக்கும். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், சாப்பாடு வேண்டாம் என்றால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என் வார்டில் ஆண்கள் வலியைச் சொல்வார்கள், இதைச் சொல்லவே மாட்டார்கள்.

மஞ்சக்காட்டு மகள்:

எல்லோருக்கும் நன்றி. லேத் ஐயா எழுதியதை அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். கட்டில் பற்றி வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாராம், அப்பா 'மேல படி' என்றாராம். மேலுறையை விட்டு எடுக்கும் முறை பற்றி இருவரும் சேர்ந்து டாக்டரைக் கேட்கப் போகிறார்கள். ஐயா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார், எப்போது டிராக்டர் ஓட்டலாம்?

கணபதி லேத்:

தையல் நன்றாக ஆறி டாக்டர் சரி என்ற பிறகு ஓட்டட்டும். குலுங்கினால் வீங்கும், அவசரப்பட வேண்டாம். இடுப்பெலும்பில் நோய் இருப்பதால் மூட்டை தூக்கலாமா என்பதையும் தனியாகக் கேட்கச் சொல். வயலுக்கு நடந்து போகட்டும், தலைக்குத் துண்டும் கையில் தண்ணி பாட்டிலும் இருக்கட்டும்.