மொலியேர் தொகுதிகள்: மடிப்பை வெட்டலாமா?

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
வணக்கம். பாரிஸில் இருக்கும் எங்கள் சின்னமாமா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் நாடகங்கள் முழுவதையும் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். தோல் முதுகு, தடித்த தாள், வண்ணப் படங்கள். முதல் தொகுதியில் பிரதி இலக்கம் 412 என்று இருக்கிறது. பல தாள்களின் மேல்மடிப்பு வெட்டப்படவே இல்லை, பக்கங்கள் மேலே சேர்ந்தபடியே இருப்பதால் முழுதாக விரித்துப் பார்க்க முடியாது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். இந்த வருஷம் பிள்ளைகளைக் கொண்டு அவருடைய கஞ்சன் நாடகத்தைப் போடப்போகிறோம். உடுப்புத் தைக்க அந்தப் படங்கள் வேண்டும். வெட்டினால் மதிப்புப் போய்விடும் என்று தம்பி மறிக்கிறான். மாரிக்கு எப்படி வைப்பது என்பதும் கவலை. 2009க்கு முந்திய புத்தகம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை.

லாசப்பல் வாசகன்:
அக்கா, இலக்கம் போட்ட பக்கத்தைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்புங்கோ. எந்த இலக்கம் எந்தத் தாளில் அச்சானது என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலும் முதல் சில பிரதிகள்தான் ஜப்பான் தாள் என்கிற உயர்ரகத் தாளில் வரும், விலையும் அவற்றுக்குத்தான் கூட. வெட்டாத பிரதியைத் தேடுகிற ஆட்களும் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் உடுப்புக்குப் படங்களை அப்படியே நம்பாதீங்கோ. 1734இல் ஆறு தொகுதிகளாக வந்த புகழ்பெற்ற பதிப்புக்கு ஓவியர் பூஷே படம் வரைந்தார். அழகு சொல்லி வேலையில்லை, ஆனால் பாத்திரங்களுக்குத் தன் காலத்து உடுப்பைத்தான் போட்டுவிட்டார். மொலியேர் இறந்தது 1673இல். அவருடைய குழு நடிகர் லா கிரான்ஜ் முன்னின்று 1682இல் கொண்டுவந்த எட்டுத் தொகுதிகளின் படங்கள்தான் அந்த மேடைக்குக் கிட்ட நிற்பவை. உங்கள் தொகுப்பில் யார் வரைந்தது என்று பாருங்கோ.

கஞ்சன் அர்ப்பகோனாக 1668இல் மொலியேரே நடித்தார். இறந்தபின் எடுத்த வீட்டுப் பொருட் பட்டியலில் அந்த உடுப்பு இருக்கிறது: கறுப்புச் சாட்டின் மேலங்கி, காற்சட்டை, சட்டை, கறுப்புப் பட்டு லேஸ், தொப்பி, பொய்முடி, சப்பாத்து. துணியெல்லாம் கறுப்பு. தையல்காரருக்கு இதுவே போதும்.

வவுனியா புத்தகங்கட்டி:
தங்கச்சி, வெட்டுங்கோ. வாசிக்கத்தான் அச்சடித்தது. ஆனால் விரலை விட்டுக் கிழிக்கக் கூடாது, பிளேட்டும் வேண்டாம். பிளேட் மடிப்பை விட்டு வழுகி எழுத்துக்குள் போய்விடும். மழுங்கின மரக்கத்தியோ தட்டையான மூங்கில் சீவலோ எடுத்து, மடிப்புக்குள் கடைசிவரை விட்டு, தாளைப் படுக்கவைத்தபடி வெளிப்பக்கமாக மெதுவாக அறுத்துக்கொண்டு வாங்கோ. நல்ல தடித்த தாள் என்றால் ஓரம் கொஞ்சம் தும்பு தும்பாக நிற்கும். அது அழகுதான், கத்தரிக்கோலால் நேராக்க வெளிக்கிடாதீங்கோ! முதுகு விட்டால் செலோரேப் ஒட்டவே வேண்டாம், என்னிடம் கொண்டுவாங்கோ.

எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி கறையான். மர அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் மண் புற்று உள்ளுக்குள் ஏறினபிறகுதான் தெரியும். இரும்பு அலுமாரி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடித்தட்டை வெறுமையாக விட்டு. மாரியில் வெயில் எறிக்கிற நாளெல்லாம் கதவைத் திறந்து காற்றுப் படவிடுங்கோ, இல்லாவிட்டால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்குள் வைக்காதீங்கோ, கறை போகாது. பொலித்தீனில் சுற்றவும் வேண்டாம், உள்ளே வேர்க்கும்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
மிச்சம் நன்றி அண்ணை, தம்பி. கஞ்சன் வருகிற தொகுதியை மட்டும் இப்போது வெட்டுகிறேன். கறுப்புச் சாட்டின் இங்கே கடையில் கிடைக்கும், லேஸ்தான் தேட வேண்டும்.